பள்ளிக்கூடத்துக்குக் காதுகுத்து

போன மாசியில் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தின் காற்றைப் பைபாஸ் பள்ளிக்கு மாற்றினார்கள். மின்விசிறிகளை ஒன்றும் செய்யவில்லை. அவை எப்போதும்போலக் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. காற்று மட்டும் வரவில்லை.

சட்டப்படிதான் நடந்தது. தை மாதமே சட்டசபையில் பகிர்வுச் சட்டம் நிறைவேறிவிட்டது. அரசுப் பள்ளிகளுக்கு என்று இருப்பதில் ஒரு பங்கு இனிமேல் தனியார் பள்ளிகளுக்குப் போகும். எங்கே படித்தாலும் பிள்ளைகள் பிள்ளைகள்தானே, பெற்றவர்கள் விரும்பிய இடத்தில் படிக்கவைக்க வேண்டாமா என்று பேசினார்களாம். பணமாகக் கொடுத்தால் நாளைக்கு எவனாவது கேள்வி கேட்பான் என்று, பொருளாகவே கொடுத்துவிடுவதென மூன்றாம் பிரிவில் எழுதியிருந்தார்கள். பொருள் என்றால் என்ன என்பது நான்காம் பிரிவில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எது இல்லாமல் போனால் பிள்ளைகளுக்குத் தெரியுமோ, அதெல்லாம் பொருள்.

என் பெயர் ஒச்சம்மாள். ஊர் வெள்ளப்பாறைப்பட்டி. பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான்தான் தலைவி. பெற்றோர்கள் கூடிக் கையைத் தூக்கித் தேர்ந்தெடுத்தது. மற்றபடி வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் மகள் வர்ணிகா அப்போது அங்கே நான்காவது படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாய் இல்லாதவர்களையெல்லாம் அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தாகிவிட்டது.

காற்றை எடுக்க வந்தவர் கோதண்டம் சார். பகிர்வு அலுவலர். வகுப்புக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், அந்த அளவுக்கு நல்ல மனிதர். ஒவ்வொரு மின்விசிறிக்குக் கீழேயும் ஒரு சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். சாக்கு உப்பியதும் சணல் போட்டுக் கட்டினார். வாங்கிக்கொள்வதற்குப் பைபாஸ் பள்ளித் தாளாளர் தவமணியே காரில் வந்திருந்தார். கழுத்தில் சங்கிலி, கையில் இரண்டு போன். அந்தப் பள்ளிக்கு ஒரு முழ நீளத்துக்கு இங்கிலீஷ் பெயர் உண்டு. பைபாஸ் பள்ளி என்றால்தான் இங்கே யாருக்கும் தெரியும்.

எனக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் நம் இடத்திலிருந்து ஒரு பொருள் இன்னொரு வாசலுக்குப் போகும்போது வெறுமனே அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்து நீட்டினேன்.

"வாங்கிக்கங்கண்ணே."

"குடும்மா தங்கச்சி" என்று தவமணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாக்குகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் நோட்டால் விசிறிப் பார்த்தார்கள். நோட்டிலும் காற்று வரவில்லை.

பங்குனியில் வேப்பமரத்தின் நிழலை எடுத்தார்கள். மரம் அங்கேதான் நின்றது. நிழலை மட்டும் நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து, ஜமுக்காளம் மடிப்பதுபோல மடித்தார்கள். ஒரு ஓரம் கிளை உரசிக் கிழிந்திருந்தது. கிழிந்ததைக் கொடுத்தார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. நான் ஊசி நூல் எடுத்துவந்து மூட்டித் தைத்துக் கொடுத்தேன். அன்றைக்கும் வெற்றிலை பாக்கு. அன்றைக்கும் அண்ணே, தங்கச்சி. அதற்குப் பிறகு பிள்ளைகள் மரத்தடியில் வெயிலில் உட்கார்ந்து மதியச் சோறு தின்றார்கள்.

தலைமையாசிரியை ஜெயசீலி டீச்சர் பொறுமைசாலி. அவரே, "ஒச்சம்மா, இப்படியே விட்டா கடைசியில கதவையும் கரும்பலகையையும் நம்மகிட்ட விட்டுட்டு மத்த எல்லாத்தையும் கொண்டு போயிருவாங்க" என்றார். பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபையைக் கூட்டினோம். தீர்மானத்தை நீட்டி முழக்கவில்லை. 'இந்தச் சட்டத்தை எதிர்க்கிறோம்.' அவ்வளவுதான். ஊரே கையெழுத்துப் போட்டது. கையெழுத்து வராதவர்கள் கட்டைவிரலை உருட்டினார்கள். மேலே அனுப்பிவைத்தோம்.

பதில் வந்தது. தீர்மானம் பள்ளிக்கூட மைதானத்தில் போடப்பட்டதால் அதுவும் பள்ளிக்கூடத்துப் பொருள், ஆகவே பகிர்வுக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தார்கள். 'இந்தச் சட்டத்தை' என்ற பாதி பைபாஸ் பள்ளிக்குப் போய்விட்டது. பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது என்று அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொண்டார்களாம். 'எதிர்க்கிறோம்' என்ற பாதி எங்களுக்குத் திரும்பி வந்தது.

நல்லதாகப் போயிற்று. ஊதாப் பெயின்ட் ஒரு டப்பா வாங்கி ஒன்றாம் வகுப்புச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதினோம். எதிர்க்கிறோம். எதை என்று எழுதவில்லை. எதை என்று ஊருக்கே தெரியும்.

அடுத்ததாகச் செவ்வாய்க்கிழமை போனது. ஊருக்குள் செவ்வாய் இருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் போனார்கள், வாரச் சந்தையும் கூடியது. பள்ளிக்கூடத்து கேட்டுக்கு உள்ளேதான் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிள்ளைகள் மறுநாள் காலையில் கேட்டைத் தாண்டியதும் புதன்கிழமைக்குள் காலை வைத்தார்கள். வீட்டுப்பாடம் ஒன்றும் முடிந்திருக்காது. செவ்வாய்க்கிழமை போடுகிற கொண்டைக்கடலைச் சோறும் கிடையாது. பைபாஸ் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு செவ்வாய். கூடுதல் செவ்வாய்க்குத் தனியாகக் கட்டணம் வாங்கினார்கள் என்று கேள்வி. அந்தப் பிள்ளைகளுக்கு எட்டு நாள் வாரத்தைப் படித்துப் படித்துக் கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தன. அதுகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதுகள் என்ன செய்யும்?

செவ்வாய்க்கிழமையைக் கொடுக்கும்போதும் தட்டு நீட்டினேன். தவமணி போனில் பேசிக்கொண்டே, "வச்சிட்டுப் போ தங்கச்சி" என்றார். வைத்துவிட்டுப் போவதற்கு நான் என்ன கூரியர்க்காரியா? பேசி முடிக்கிறவரை நின்று, கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

சித்திரையில் பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. ஒரு நாள் கோதண்டம் சார் வீட்டுக்கே வந்தார். மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார்.

"அடுத்தது அஞ்சாம் வகுப்பும்மா."

"அஞ்சாம் வகுப்புல எது?"

"வகுப்பே. நாலு முடிஞ்சதும் உங்க பிள்ளைங்க நேரா ஆறுக்குப் போயிருவாங்க. பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி எடுத்துக்கச் சொல்லி உத்தரவு."

எங்கள் பள்ளியில் வகுப்புக்குத் தகுந்த வயது. நான்காவது என்றால் ஒன்பது, ஐந்தாவது என்றால் பத்து. நான் மிஷினை நிறுத்தினேன்.

"அப்ப பத்து வயசு?"

"அதுவும் வகுப்போட சேந்து போகுதும்மா. ஒம்பதுல இருந்து பதினொண்ணு. அங்க உள்ள பிள்ளைங்க ரெண்டு வருஷம் பத்து வயசா இருப்பாங்க. போட்டித் தேர்வுக்கு அது தோதா இருக்குமாம்." கொஞ்சம் நிறுத்தி, "பத்து வயசுல அப்படி ஒண்ணும் பெருசா நடக்கறதில்லம்மா. நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றார்.

"உங்களுக்கு நடக்கலன்னு சொல்லுங்க சார்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

வர்ணிகாவுக்கு வருகிற ஆனியில் பத்து பிறக்க இருந்தது. அவள் எதைக் கேட்டாலும், "பத்து வயசாகட்டும்டி" என்றுதான் நான் சொல்லிவைத்திருந்தேன். கண்மாயில் நீச்சல் பழக வேண்டுமா, பத்து வயதாகட்டும். சைக்கிளை ரோட்டில் ஓட்ட வேண்டுமா, பத்து வயதாகட்டும். தனியாக அத்தை வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டுமா, அதுவும் பத்தில்தான். அவளும் ஒவ்வொன்றாகப் பத்துக்கு என்று எடுத்துவைத்துக்கொண்டே வந்தாள். இவ்வளவையும் சேர்த்துவைத்த பிள்ளையிடம் அந்த வருஷமே கிடையாது என்று எந்த வாயால் சொல்வது?

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். வந்து என் முழங்காலில் சாய்ந்துகொண்டாள்.

"அப்ப பதினொண்ணுல எல்லாத்தையும் சேத்துச் செஞ்சுக்கிறலாமாம்மா?"

"அது எதுக்குடி? பத்துல செய்ய வேண்டியத நீ பத்துலதான் செய்வ. எவன் வந்து புடுங்குறான்னு நானும் பாக்குறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கை வேகமாக ஓடும். அன்றைக்கு மிஷினில் இருந்தது மேலத்தெரு கோமதியின் ஜாக்கெட். அவள் மகனுக்குக் காதுகுத்து. அவளும் அண்ணனும் வரப்புத் தகராறில் பேசுவதில்லை. ஆனாலும் வெற்றிலை பாக்கை வாங்கிவிட்டான், சீர் கொண்டுவந்து பிள்ளையை மடியில் உட்காரவைத்துத்தான் ஆக வேண்டும் என்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது உறைத்தது.

தவமணி ஒரு தடவை அல்ல, மூன்று தடவை வாங்கியிருக்கிறார். ஊர் பார்க்க, இரண்டு கையாலும். அண்ணே என்று நான் கூப்பிட்டேன், தங்கச்சி என்று அவர் வாய் சொன்னது. என் அண்ணன் என் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். அந்தப் பள்ளிக்கூடம் இந்த ஊர்ப் பொம்பளைகளின் பிள்ளை. மண் சுமந்து கட்டினோம், பெருக்கினோம், வெள்ளையடித்தோம், தண்ணீர் ஊற்றினோம். அதற்கு இத்தனை வயதாகியும் ஒருவருக்கும் காது குத்தத் தோன்றவில்லை. சத்தியமாக முதல் தடவை நான் மரியாதைக்காகத்தான் தட்டை நீட்டினேன். கொக்கியை வைத்து முடித்துவிட்டு ஜெயசீலி டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

"டீச்சர், அரசுக் கட்டடத்துக்குக் காது குத்தக் கூடாதுன்னு விதி ஏதாச்சும் இருக்கா?"

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிகளைப் பார்த்தார். "மரத்தை வெட்டணும்னா அனுமதி வாங்கணும். சுவரை இடிக்கணும்னா வாங்கணும். காது பத்தி ஒண்ணும் போடல" என்றார்.

வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்தம். மறுநாள் பள்ளிக்கூடம் திறப்பு. அதற்கு முந்தின வாரமே, நாதஸ்வரமும் தவிலும் முன்னே போக, ஊர்ப் பெண்கள் தட்டெடுத்துக்கொண்டு பைபாஸ் பள்ளிக்குப் போனோம். வாட்ச்மேன் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்று கேட்டார். தவில்காரர் பதில் வாசித்தார். கேட் திறந்தது.

தாளாளர் அறை குளுகுளுவென்று இருந்தது. எங்கள் காற்று என்று முகத்தில் பட்டதுமே தெரிந்தது. லேசாகச் சாக்பீஸ் வாசனை. எதிர் நாற்காலியில் அவர் மனைவி இந்திராணி உட்கார்ந்திருந்தார். இன்னொரு பொருள் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்து, தவமணி எழுந்து தட்டை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம பள்ளிக்கூடத்துக்குக் காதுகுத்துண்ணே. தாய்மாமன் நீங்க. குடும்பத்தோட வந்து மடி குடுக்கணும்."

தவமணி தட்டைப் பார்த்தார். மேஜைமேல் வைக்கப் போனார்.

"வச்சிராதீங்க" என்றார் இந்திராணி. அவருக்குப் பூர்வீகம் எங்களுக்கு அடுத்த ஊர். "வெத்தலய வாங்கிட்டு வைக்கிறதா? இது நாலாவது தட்டு. மூணையும் வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜுல வச்சீங்கள்ல? நாளைக்கு நம்ம மக கல்யாணத்துக்கு இந்த எட்டு ஊருல எவன் வருவான்?"

"பள்ளிக்கூடத்துக்கு எப்படிம்மா மாமனா..."

"தங்கச்சின்னு சொன்னது யாரு?"

தவமணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் காற்றில் உட்கார்ந்தார். பிறகு, "கிடா எத்தனை வேணும்?" என்று கேட்டார். பந்திக்குக் காணும்படி பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

காதுகுத்துக்கு முன்னால் முடி இறக்க வேண்டும். மொட்டைமாடியில் முளைத்திருந்த அரசங்கன்றுகளையும் புல்லையும் வேரோடு எடுத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சந்தனம் பூசினோம். காது எது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. சன்ஷேடுதான் காது என்றார்கள் சிலர். ஜெயசீலி டீச்சர்தான் தீர்த்துவைத்தார். ஒன்றாம் வகுப்பு ஜன்னல் ஒரு காது, எட்டாம் வகுப்பு ஜன்னல் ஒரு காது. தெருவில் யார் என்ன பேசினாலும் அந்த இரண்டு வழியாகத்தான் உள்ளே கேட்கும். நகை ஆசாரி வந்து இரண்டையும் தொட்டுப் பார்த்து, மடல் நன்றாக இருக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தவமணி சீர் கொண்டுவந்தார். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் குறை வைக்கவில்லை. தாய்மாமன் என்று ஆகிவிட்டால் எங்கள் பக்கத்தில் எவனுக்கும் ஒரு வீம்பு வந்துவிடும். ஊர் எல்லையிலேயே வெடி. முச்சந்தியில் அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ். செண்டை மேளம், மாலை போட்ட கிடாக்கள். இந்திராணி பட்டுச்சேலையில் முன்னே வர, பைபாஸ் பள்ளிப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். உப்பிய சாக்குகளில் காற்று. சலவைக்குப் போட்டு மடித்த நிழல். வெள்ளித் தட்டில் துணி போட்டு மூடிய செவ்வாய்க்கிழமை. கண்ணாடிச் சட்டத்தோடு 'இந்தச் சட்டத்தை'. இதெல்லாம் எங்களுடையதுதான். வாங்கியதை மட்டும் திருப்பிக்கொண்டு வந்தால் அது சீர் ஆகாது, மாமன் தன் பங்குக்கு ஏதாவது வைக்க வேண்டும். கடைசியில் ஆறு பேர் ஓர் அண்டாவை அலுங்காமல் தூக்கி வந்தார்கள்.

"நீச்சல்குளத்துல ஆழமான பக்கம்" என்றார் தவமணி. "மேலோட்டமான பக்கம் எங்களுக்குப் போதும். இது பிள்ளைக்கு."

வர்ணிகா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனி பொறக்கட்டும்" என்றேன்.

நிழலை மரத்தடியில் விரித்தோம். சாக்குகளை வகுப்புகளில் அவிழ்த்துவிட்டோம். செவ்வாய்க்கிழமையை மட்டும் துணியை எடுக்காமல் சத்துணவுக்கூடத்தில் வைத்தோம். எடுத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை கெட்டுப் போயிருக்கும்.

தவமணி மைதானத்தின் நடுவில் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெண்கள் ஆளுக்கொரு வராண்டாத் தூணைப் பிடித்து, அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தளர்த்தி, பள்ளிக்கூடத்தை நடத்திக் கூட்டிவந்து அவர் மடியில் உட்காரவைத்தோம்.

"கனமா இருக்காண்ணே?"

"நம்ம பிள்ளதானே" என்றார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. இந்திராணி துண்டால் துடைத்துவிட்டார்.

ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில் கோதண்டம் சார் வந்தார். கையில் உத்தரவு. வாசலில் கொடுத்த சந்தனத்தைப் பூசிக்கொண்டுதான் வந்தார், ஆனாலும் கடமை கடமைதான். அஞ்சாம் வகுப்பை இன்று சூரியன் மறைவதற்குள் பைபாஸ் பள்ளித் தாளாளரிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். தவில் நின்றது. வர்ணிகா என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இப்ப அஞ்சாங்கிளாஸ் எங்க இருக்கு?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துக்குள்ள."

"பள்ளிக்கூடம் எங்க இருக்கு?"

கோதண்டம் சார் பார்த்தார். "தவமணி சார் மடியில."

"அப்பறம் என்ன சார்? இதவிட எப்படி ஒப்படைக்கிறது? நீங்களே சொல்லுங்க."

அவர் சட்டத்தை எடுத்து முதலிலிருந்து படித்தார். கூட்டம் காத்திருந்தது. தவமணி மட்டும், "கொஞ்சம் வெரசா படிங்க சார்" என்றார். மடியில் இருப்பதை எடுத்து அதே மடியில் வைப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. ஒரு தடவை ஒப்படைத்ததை மறு தடவை ஒப்படைப்பதற்கும் இடம் இல்லை. கோதண்டம் சார் பேனாவை எடுத்து, காற்று, நிழல், செவ்வாய், ஐந்தாம் வகுப்பு, கட்டடம் உள்பட அனைத்தும் ஒப்படைக்கப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தவமணியும் மடியை அசைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆசாரி குத்தினார். பள்ளிக்கூடம் அழுதது. எல்லாக் குழாய்களும் திறந்துகொண்டன, மணி தானாக அடித்தது. மாமன் வாசல் வழியாக ஒரு கை சர்க்கரையை உள்ளே போட்டார். கம்மல் போட்டு முடிந்ததும், "வாடா தங்கம்" என்று பெண்கள் எல்லோரும் கையை நீட்டினோம். காது குத்தி முடிந்த பிள்ளை தாயிடம்தான் வர வேண்டும். பள்ளிக்கூடம் மடியிலிருந்து இறங்கி, விசும்பிக்கொண்டே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. கோதண்டம் சார் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டார்.

மறுநாள் வர்ணிகா ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள். ஆனி பிறந்தது, அவளுக்குப் பத்து வயதானது. என் கண் எதிரே, ஒரு நாள் குறையாமல் பத்து. அண்டாவின் ஆழத்தை மைதானத்து ஓரத்தில் கொட்டி அதில் நீச்சல் பழகுகிறாள். தலையைத் தூக்குடி, தலையைத் தூக்குடி என்று கரையில் நின்று கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அத்தோடு விடுகிற ஆள் இல்லை நான். எங்கள் பள்ளி தப்பித்தால் போதுமா? பக்கத்து ஊர்களுக்கு நானும் ஜெயசீலி டீச்சரும் பஸ் ஏறிப் போய்ச் சொன்னோம். ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குக் காது குத்தினார்கள். பிறகு மாவட்டம் மாவட்டமாக. ஆசாரிகளுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. சட்டசபை உறுப்பினர்களில் சொந்தமாகப் பள்ளி வைத்திருந்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. அவர்களும் தங்கச்சிகளிடம் வெற்றிலை பாக்கு வாங்கியவர்கள்தான். ஆவணிக் கூட்டத்துக்கு மடி வலியோடு வந்தார்களாம். உட்கார முடியாமல் நின்றபடியே சட்டத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

புரட்டாசியில் ஒரு காலை நேரம். பிரேயர் முடிந்திருந்தது. சட்டம் பள்ளிக்கூடத்து கேட்டில் வந்து நின்றது. கசங்கிப் போயிருந்தது, கையில் ஒரு மஞ்சள் பை. முதலில் பைபாஸ் பள்ளிக்குத்தான் போயிருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு வைத்தார்களாம், அப்பா அம்மா இரண்டு பேரும் பட்டதாரிகளா என்று கேட்டார்களாம். இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வேறு எங்கே போகும்?

ஜெயசீலி டீச்சர் அதைப் பக்கத்தில் கூப்பிட்டார். "கையைத் தலைக்கு மேல சுத்தி அந்தப் பக்கத்துக் காதைத் தொடு பாப்போம்."

கை தாராளமாக எட்டியது. தொடுவதற்குக் காது இல்லை. இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தது.

டீச்சர் என்னைப் பார்த்தார். என் வயிறு எரிந்தது எரிந்ததுதான், அது வேறு. "சேத்துக்கங்க டீச்சர்" என்றேன். "இந்த வாசல்ல வந்து நின்ன யாரையும் நாம இல்லன்னு சொன்னதில்ல."

வர்ணிகா அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தாள். எதிர்க்கிறோம் என்று எழுதிய சுவருக்கு நேர் எதிரே. அதைத்தான் முதலில் எழுத்துக் கூட்டப் பழகியது. வெயில் நேரத்தில் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலைக்கு இரண்டாவது தடவை தட்டு நீட்டுகிறது. ஐப்பசி மழைக்கு அதற்கு இரண்டு காதும் முளைத்துவிட்டன. சின்னதுதான், ஆனால் மடல் நன்றாக இருக்கிறது என்று ஆசாரி சொல்கிறார்.

நாளைக்குக் கோதண்டம் சார் வீட்டுக்கு, மடி கேட்டு, வெற்றிலை பாக்கு கொண்டுபோகிறோம்.